பச்சை உடம்பைத் தொட்ட கைகள்

இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம், குனிந்து தொட்டிலிலிருந்து குழந்தையை எடுக்க முடியாமல் நின்றேன். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஆணி இறங்கியதுபோல் வலி. மருத்துவமனையில் சொன்னதும், "பிள்ளை பெத்தா இதெல்லாம் இருக்கும்மா" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். கல்லூரித் தோழி ஒருவர் கைரோபிராக்டரிடம் போகச் சொன்னார். அம்மா சிரித்தார். "எங்களுக்கெல்லாம் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து இடுப்பைப் பிடிச்சு விடுவா."

"அவங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அவருடைய மூன்று பிள்ளைகளையும் கையில் ஏந்தியவர் அந்தப் பெண்தான்.

அன்றிலிருந்து இந்த இரண்டு கைத்தொழில்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்துவருகிறேன்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் தொடங்கியது. தொடங்கிய டேனியல் டேவிட் பால்மர் மருத்துவம் படித்தவரல்ல. காந்த சிகிச்சை செய்துவந்தவர். முதுகெலும்புகள் இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற அவருடைய கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை. உரிமமின்றி வைத்தியம் பார்த்ததாக 1906இல் அவர் சிறைக்கும் போனார். ஆனால் அவரிடம் ஒரு பள்ளி இருந்தது. மாணவர்கள் சங்கம் கண்டார்கள். சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார்கள். 1913இல் கன்சாஸ் சட்டம் இயற்றியது. 1974க்குள் ஐம்பது மாநிலங்களும் உரிமம் தந்துவிட்டன. தங்களை ஒதுக்கிவைத்த அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மேல் 1976இல் வழக்குத் தொடுத்து, 1987இல் சூசன் கெட்சென்டானர் என்ற பெண் நீதிபதியிடம் வெற்றியும் பெற்றார்கள்.

கர்ப்பிணிகள் அவர்களைத் தேடிப்போனதற்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள் இடுப்பெலும்பைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றின் பாரம் உடம்பை முன்னால் இழுக்கிறது. வலி நிஜமானது. கைரோபிராக்டிக் அதைத் தீர்க்கும் என்பதற்கான சான்று இன்னும் வலுவாக இல்லை. ஆனாலும் அங்கே ஒருவர் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

நம் ஊரில் அப்படித் தொட்டுப் பார்த்தவர் மருத்துவச்சி. பல ஊர்களில் நாவிதர் குடிப் பெண்கள், சில ஊர்களில் தலித் பெண்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அவர்கள் வைத்த பெயர் பச்சை உடம்பு. இடுப்பிலும் தொடையிலும் விளக்கெண்ணெய் தேய்த்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரை இடுப்பில் அடித்து ஊற்றி, பழைய நூல்சேலையை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கூலி கொஞ்சம் நெல், ஒரு பழஞ்சேலை, வெற்றிலை பாக்கு.

அந்தக் கைகளின் மேல் ஆங்கிலேய ஆட்சியின் மருத்துவம் குற்றம் சாட்டியது. 1903இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா மகாராணி நினைவாக நிதி திரட்டி மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர முயன்றார். 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகாலச் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது. 1927இல் காதரின் மேயோ தன் 'மதர் இந்தியா' நூலில் மருத்துவச்சியை அழுக்கின் உருவமாகவே காட்டினார். கழுவாத கத்தியால் தாய்களும் சேய்களும் இறந்தது உண்மை; அதை மறைத்து மருத்துவச்சியைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டது என்ன? பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்த்த மருத்துவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். அந்த மருத்துவர்களைக் கை கழுவச் சொன்னார்கள். எங்கள் மருத்துவச்சியைக் கையோடு சேர்த்து விலக்கிவிட்டார்கள்.

பால்மரின் மாணவர்களுக்குப் பள்ளியும் சங்கமும் வழக்காடப் பணமும் இருந்தன. மருத்துவச்சிக்கு இருந்தது சாதி. எந்த வேலைக்காக அவரை அழைத்தார்களோ, அந்த வேலையே அவரைத் தீட்டாக்கியது. அவர் தொட்டுக் குளிப்பாட்டிப் போனபின், பாட்டி இன்னொரு முறை அம்மாவின் தலையில் தண்ணீர் ஊற்றுவாராம். அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருந்தேன்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஏறக்குறைய 45 சதவீதம் அறுவை சிகிச்சை. தாய்கள் பிழைக்கிறார்கள். இது பெரிய வெற்றி. ஆனால் வீடு திரும்பிய பின் அவர்களுடைய இடுப்பைப் பற்றி யார் கேட்கிறார்கள்? எண்ணெய்க் குளியலும் வயிற்றுக் கட்டும் இப்போது நகரத்தில் விலைப்பட்டியலோடு கிடைக்கின்றன. அதை நமக்குக் கற்றுத்தந்த பெண்களின் பேத்திகளுக்கு அந்தப் பட்டியலில் பங்கில்லை.

சென்ற மாதம் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது பெரியம்மாவிடமும் அந்தப் பெயரைக் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. "பேரு யாருக்குத் தெரியும்? ஊருக்கு வெளிய, கடைசி வீடு" என்றார்.