வெயிலூருக்கு வந்த ‘விண்டர்’

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷெட்டில் என் பழைய டர்போ டீசல் காரின் பானட் திறந்து கிடந்தது. மெக்கானிக் பாய் இரண்டு கேன்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று 20டபிள்யூ-40, மற்றது 5டபிள்யூ-40. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

“இது பாருங்க சார், தண்ணி. நம்ம வெயிலுக்கு நிக்குமா? ஆயில்னா திக்கா இருக்கணும். டபிள்யூன்னா வெயிட்டு. இருபது வெயிட்டு எங்கே, அஞ்சு வெயிட்டு எங்கே!”

டபிள்யூ என்பது வெயிட் இல்லை, விண்டர். குளிர்காலம். வேலூரை வெயிலூர் என்று தானே கேலி செய்துகொள்ளும் ஊர்க்காரர்கள் நாம், குளிர்காலத்தை அச்சடித்த கேனைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பாயின் விரலையும் குறை சொல்ல முடியாது. தோல் ஊரில் பழகிய விரல் அது. தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பவர் இன்றைக்கும் கண்ணையும் கையையும்தான் நம்புகிறார். ஒரு மடிப்பு மடித்துப் பார்த்தால் போதும், தோல் எண்ணெய் குடித்திருக்கிறதா, இன்னும் விறைப்பா என்று சொல்லிவிடுவார். இன்ஜின் எண்ணெயையும் ஒரு காலத்தில் உலகம் இப்படித்தான் பார்த்தது.

அப்போது அது மண்ணெண்ணெய் சாதிகூட இல்லை. நீராவி இன்ஜின் சிலிண்டருக்குள் போனது மாட்டுக்கொழுப்பு. நீராவியின் சூட்டில் அது சிதைந்து அமிலமாகி இரும்பையே அரித்தது. தோலில் கொழுப்பைச் சரியாக வழித்தெடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பாலாற்றங்கரைக்கு இதை விளக்க வேண்டாம். 1866-ல் ஜான் எல்லிஸ் என்ற அமெரிக்க டாக்டர், கச்சா எண்ணெய் மருந்துக்கு ஆகுமா என்று ஆராயப் போனார். மருந்துக்கு ஆகவில்லை, இன்ஜின் வால்வுக்கு ஆனது. பின்னாளில் அதற்கு வைத்த பெயர் வால்வோலின். வால்வு அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவரின் கம்பெனி 1909-ல் பிடித்த வழி நமக்கு இன்னும் சொந்தம்: விளக்கெண்ணெய். காஸ்டர் ஆயில் கலந்ததால் காஸ்ட்ரால். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் இன்ஜின்களில் விளக்கெண்ணெய்தான் ஓடியது. பெட்ரோலில் அது எளிதில் கரையாது. ஆனால் சூட்டில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். அதே விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தினால் டிரம்மில் சுழலும் தோலுக்கு ஊட்டலாம், ஷூ மேல்தோல் வெடிக்காது. காருக்கும் காலணிக்கும் ஒரே ஆமணக்கு.

கார்கள் பெருகின. ஆளுக்கொரு விரல், ஆளுக்கொரு தீர்ப்பு என்றால் எண்ணெயை விற்பது எப்படி, வாங்குவது எப்படி? சேபோல்ட் என்பவரின் பெயரில் ஒரு கருவி இருந்தது. எண்ணெயைக் குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுவந்து, அடியிலுள்ள சின்னத் துளை வழியே 60 மில்லி வடிய எத்தனை விநாடி என்று எண்ணுவார்கள். கெட்டி என்றால் அதிக விநாடி, அவ்வளவுதான் சூத்திரம். 1905-ல் தொடங்கிய அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., 1911-ல் எண்ணெய்க்குத் தரம் வகுத்தது. கேனில் நாம் பார்க்கும் எண்களின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

பனி விழும் ஊர்களில் இன்னொரு தலைவலி. கோடையில் நன்றாக ஓடிய எண்ணெய் ஜனவரியில் உறைந்த நெய்யாகி இன்ஜினைச் சுற்றவே விடாது. பருவத்துக்குப் பருவம் எண்ணெயை மாற்றினார்கள். குளிருக்கென்று தனி எண், பக்கத்தில் டபிள்யூ என்று வந்தது அதனால்தான். எந்த எண்ணெய் சூட்டில் எவ்வளவு இளகுகிறது என்று அளக்க 1929-ல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு அளவுகோல் போட்டார்கள். பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, அமெரிக்காவின் வளைகுடாக் கரை எண்ணெய்க்குப் பூஜ்யம். பிறகு எண்ணெயில் கலக்கப் பாலிமர் வந்தது. குளிரில் சுருண்டு கிடக்கும், சூடேறினால் விரிந்து எண்ணெயை இளக விடாமல் தாங்கும். 1950-களில் இரண்டு எண்கள் ஒரே கேனுக்குள் குடியேறின.

இன்றைய கணக்கில் 20டபிள்யூ எண்ணெயை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30-லும் சோதிக்கிறார்கள். ஏலகிரி உச்சியில் மார்கழி விடியலில் நின்றாலும் நமக்கு அந்தக் குளிர் கிடைக்காது. பின்னால் உள்ள 40 வேறு கதை. அதை அளப்பது 100 டிகிரியில், கெட்டித்தன்மை 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். ஓடும் இன்ஜினுக்குள் எண்ணெயின் சூடு ஏறக்குறைய அந்த அளவு. அதாவது, பாய் தண்ணி என்று ஒதுக்கியதும் திக் என்று மெச்சியதும் ஓடும்போது ஒரே வகுப்பு. விரலுக்குத் தெரிவது முப்பத்தைந்து டிகிரி எண்ணெய் மட்டும்.

அப்படியானால் வெயிலூரில் 5 எதற்கு? காலையில் சாவி போடும்போது எண்ணெய் நம் ஊரிலும் ஓட்டச் சூட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டிதான். சீக்கிரம் மேலேறும் எண்ணெய் அந்த முதல் விநாடிகளில் உலோகம் உரசாமல் காக்கும். புதுப் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 போதும் என்கிறார்கள். அவற்றின் இன்ஜின் பாகங்களின் இடைவெளிகளே அதற்கென்று செதுக்கியவை. அம்பாசடர் காலத்து ஞானத்தை அங்கே ஊற்றினால் மைலேஜ்தான் போகும்.

இவ்வளவையும் பாயிடம் சொன்னேன். காரோடு வந்த கையேட்டில் 5டபிள்யூ-40 என்றிருந்த பக்கத்தையும் காட்டினேன். ஊற்றினார். டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, திரும்ப விட்டு எடுத்தார். மறுபடி அதே இரண்டு விரல்.

“எல்லாம் சரி சார். நூறு டிகிரில எவன் விரல வைக்கிறது?”