தமிழ் எழுத்துக் குறியேற்ற விவாதம்

தமிழ் எழுத்துக் குறியேற்ற விவாதம் என்பது, கணினியிலும் இணையத்திலும் தமிழ் எழுத்துகளை எந்த எண்களால் குறித்துச் சேமிப்பது என்பது பற்றித் தமிழ் மென்பொருள் ஆக்குநர்கள், மொழியறிஞர்கள், அரசுகள், பயனர்கள் ஆகியோரிடையே 1990களின் நடுவில் தொடங்கி 2010களின் தொடக்கம் வரை நடைபெற்ற நீண்ட கருத்தாடல் ஆகும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, சுவிட்சர்லாந்து, கனடா, அமெரிக்கா எனப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் இதில் பங்குகொண்டனர். எனினும் முதன்மையான அரசு முடிவுகள் பலவற்றுக்கான களமாகச் சென்னை விளங்கியது. இஸ்கி, திஸ்கி, டாம், டாப், ஒருங்குறி, டேஸ்-16 ஆகியவை இவ்விவாதத்தில் இடம்பெற்ற முக்கியக் குறியேற்றங்கள் ஆகும். இணையத்தைப் பொறுத்தவரை இவற்றுள் ஒருங்குறியே நிலைத்தது.

பின்னணி

கணினி எழுத்துகளை நேரடியாக அறிவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டு, அவ்வெண்ணே கோப்பில் சேமிக்கப்படுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வரையறுக்கும் அட்டவணையே குறியேற்றம் எனப்படும். எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் காட்டுவது எழுத்துருவின் பணியாகும். எழுதியவரும் படிப்பவரும் ஒரே குறியேற்றத்தைப் பயன்படுத்தாவிட்டால், படிப்பவருக்குப் பொருளற்ற குறிகளே தெரியும்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய கிரந்த எழுத்துகளின் வரிசைகளையும் ஸ்ரீ என்பதையும் சேர்த்தால் இவ்வெண்ணிக்கை 313 ஆகும். அக்காலத்தில் பரவலாக இருந்த 8 பிட்டுக் குறியேற்றங்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரியவை. எனவே எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தர இயலவில்லை. எவற்றுக்குத் தனி இடம் தருவது, எவற்றைத் துண்டுகளாகப் பிரித்துச் சேர்ப்பது என்ற கேள்வியிலிருந்தே விவாதம் தொடங்கியது.

பல குறியேற்றங்களின் காலம்

1980களின் நடுவிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் சொற்செயலிகளும் தனி ஆர்வலர்களால் உருவாக்கப்பட்டு வந்தன. கனடாவில் உருவான ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மயிலை என்பது சென்னை மயிலாப்பூரின் சுருக்கப் பெயரும் ஆகும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு எண் அட்டவணையைக் கொண்டிருந்தன.

இலங்கைத் தமிழரிடையே பரவியிருந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கட்டுரை தொடர்பற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும். தமிழ்நாட்டின் நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்திற்கு வந்தபோது, பெரும்பாலும் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைப் பயன்படுத்தின. வாசகர் ஒவ்வொரு தளத்திற்கும் ஓர் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது. ஒரு தளத்தில் உள்ள சொல்லை மற்றொரு தளத்தில் தேடுவது இயலாததாக இருந்தது.

தரப்படுத்தும் முயற்சிகள்

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. பொதுக் குறியேற்றம் ஒன்று தேவை என்ற கருத்து இதன் பின்னர் வலுப்பெற்றது. பல நாடுகளிலிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடித் திஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். இது ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே கோப்பில் எழுத இடமளித்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் இலக்கிய நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டது.

1999 பெப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடைபெற்றது. இதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு சூன் மாதம் அரசு பின்வருவனவற்றைத் தரங்களாக அறிவித்தது.

* டாம் – தமிழுக்கு மட்டுமான ஒருமொழிக் குறியேற்றம்
* டாப் – தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கான இருமொழிக் குறியேற்றம்
* தமிழ்99 – விசைப்பலகை அமைப்பு

இதனால் தரங்கள் ஒன்றாவதற்கு மாறாக இரண்டு முகாம்கள் உருவாயின. தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பல டாம், டாப் ஆகியவற்றைப் பின்பற்றின. வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கியைத் தொடர்ந்தனர். 2000ஆம் ஆண்டு சூலையில் சிங்கப்பூர் மாநாட்டின்போது உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதன் முதல் தலைவரானார். அம்மன்றத்தின் 2003ஆம் ஆண்டு மாநாடு சென்னையில் நடைபெற்றது.

ஒருங்குறியின் வருகை

உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் ஒருங்குறி 1991இல் வெளியானபோதே அதில் தமிழும் இடம்பெற்றிருந்தது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. ஆயினும் இது தமிழின் இயல்பை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. இந்திய அரசின் இஸ்கி என்னும் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி, தேவநாகரி முதலிய எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வகையான வரிசை அமைக்கப்பட்டது. தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய இடங்கள் வெற்றிடங்களாக விடப்பட்டன.

ஒருங்குறியில் உயிர் எழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்குத் தனி எண்கள் உண்டு. 'மி' என்பது 'ம' மற்றும் இகரக் குறி ஆகிய இரண்டின் சேர்க்கை. 'ழ்' என்பது 'ழ' மற்றும் புள்ளியின் சேர்க்கை. இவற்றைச் சேர்த்துச் சரியான வடிவத்தில் காட்டும் பொறுப்பு இயங்குதளத்தைச் சார்ந்தது. மைக்ரோசாப்ட்டின் விண்டோசு 2000 இயங்குதளம், லதா என்னும் எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவளித்தது. 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவும், அதே காலத்தில் பெருகிய தமிழ் வலைப்பதிவுகளும் ஒருங்குறி பரவுவதற்குத் துணைநின்றன. எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களும், சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகளும், சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட தட்டச்சு மற்றும் மாற்றிக் கருவிகளும் இலவசமாகக் கிடைத்தமையால் பழைய குறியேற்றங்களிலிருந்து மாறுவது எளிதாயிற்று. மதுரைத் திட்டமும் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியது.

ஒருங்குறி மீதான விமர்சனங்கள்

ஒருங்குறியின் தமிழ்த் தொகுதி மீது பின்வரும் குறைகள் சுட்டப்பட்டன.

எழுத்து எண்ணிக்கை: 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் விடை 5 என்றே வரும். தமிழ் இலக்கணம் எழுத்தாகக் கொள்ளும் அலகும் கணினி கொள்ளும் அலகும் வேறுபடுவதே இதற்குக் காரணம். மேலும் 'ம்' போன்ற மெய்யெழுத்து அடிப்படையாகவும், அதனுடன் அகரம் சேர்ந்து 'ம' பிறப்பதாகவும் தமிழ் இலக்கணம் கொள்ள, ஒருங்குறி 'ம' என்பதை அடிப்படையாக வைத்து, புள்ளியைச் சேர்த்து மெய்யைப் பெறுகிறது.

இடத்தேவை: அதே சொல் திஸ்கியில் 4 பைட்டுகளும், ஒருங்குறியின் 16 பிட்டு வடிவத்தில் 10 பைட்டுகளும், இணையத்தில் வழங்கும் யூ.டி.எஃப்-8 வடிவத்தில் 15 பைட்டுகளும் கொள்கிறது.

அகர வரிசை: தமிழ் நெடுங்கணக்கில் 'ன' இறுதி மெய்யாகும். ஒருங்குறி அட்டவணையில் அது 'ந'வை அடுத்து உள்ளது. எண் மதிப்பைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தினால் 'மனம்' என்ற சொல் 'மரம்' என்பதற்கு முன் வரும். அகராதியில் 'மரம்' என்பதே முன் வரவேண்டும்.

ஒரே தோற்றம், வேறு குறிகள்: 'கௌ' என்பதை ஔகாரக் குறியைக் கொண்டு எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தவறாக எழுதினாலும் திரையில் ஏறத்தாழ அதே வடிவமே தெரியும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. 2005இல் 'ஶ' என்னும் எழுத்து சேர்க்கப்பட்ட பின்னர் 'ஸ்ரீ' என்பதற்கும் இவ்வாறு இரண்டு வழிகள் ஏற்பட்டன.

டேஸ்-16

இக்குறைகளைக் களையும் நோக்குடன், தமிழின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் 16 பிட்டுக் குறியேற்றம் முன்மொழியப்பட்டது. இதுவே டேஸ்-16 எனப்பட்டது. இதில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை ஒதுக்கப்பட்டு, உயிர்களின் வரிசைப்படி உயிர்மெய்கள் அடுக்கப்பட்டன. ஓர் உயிர்மெய்யின் மெய்யையும் உயிரையும் எளிய கணக்கின் மூலம் பிரித்தறிய முடிந்தது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்று குறிகள், அதாவது 6 பைட்டுகள் போதுமானவை.

இதனை ஒருங்குறியே ஏற்க வேண்டும் என்று ஆதரவாளர்கள் கோரினர். ஆனால் ஒருமுறை சேர்க்கப்பட்ட எழுத்தை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் நிலைத்தன்மைக் கொள்கை ஆகும். ஏற்கெனவே உள்ள குறிகளின் சேர்க்கையால் எழுதக்கூடியவற்றுக்குப் புதிய எண்கள் தருவதும் ஏற்கப்படவில்லை. எனவே டேஸ்-16, எவரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டுள்ள தனிப்பயன் பகுதியில் அமைக்கப்பட்டது.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள் நடைமுறை சார்ந்தவை. அகர வரிசையை எண் மதிப்பால் அன்றித் தனி வரிசைப்படுத்தல் விதிகளால் சரிசெய்யலாம். எழுத்துகளை எண்ணுவதற்கு நிரல் நூலகங்கள் எழுதலாம். உரைக் கோப்புகளின் அளவு, படங்களோடும் ஒலிக் கோப்புகளோடும் ஒப்பிடுகையில் மிகச் சிறியது. தனிப்பயன் பகுதியில் எழுதப்பட்டதைத் தேடுபொறிகளும் பிற மென்பொருள்களும் தமிழ் என்று அறியா. மீண்டும் ஒரு புதிய குறியேற்றத்திற்கு மாறினால், வாசகர் எழுத்துருவைத் தேடி அலைந்த பழைய நிலை திரும்பும் என்பதே அவர்களின் முதன்மையான அச்சமாக இருந்தது.

2010 சூன் 23 அன்று, கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. இதன்படி ஒருங்குறி அரசின் தரமாக ஏற்கப்பட்டது. ஒருங்குறி இயங்காத பயன்பாடுகளுக்கு டேஸ்-16 மாற்றாக அறிவிக்கப்பட்டது. டேஸ்-16 எழுத்துருக்களையும் விசைப்பலகை இயக்கிகளையும் சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாக வழங்கியது.

அச்சுத் துறையின் நிலை

அச்சுத் துறைக்கென மாற்றுக் குறியேற்றம் கோரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. தியாகராய நகரில் வானதி பதிப்பகம், மணிமேகலைப் பிரசுரம் முதலியனவும், மயிலாப்பூரில் அல்லயன்ஸ் நிறுவனமும் அமைந்துள்ளன. இத்தகைய பதிப்பகங்கள் செறிந்த சென்னையில் நூல்கள் டி.டி.பி. முறையில் பக்கம் அமைக்கப்பட்டு வந்தன. இதற்குப் பரவலாகப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருள், தமிழ் ஒருங்குறியைச் சரியாகக் கையாளவில்லை. கொம்பு இடம் மாறியும் உயிர்க்குறிகள் பிரிந்தும் அச்சாயின. அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் மென்பொருள் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்திய எழுத்துகளுக்கு ஆதரவளித்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. அதற்கு முன் 8 பிட்டு எழுத்துருக்களில் அமைக்கப்பட்ட நூல்களின் கோப்புகளை மின்னூலாக்க, முதலில் குறியேற்றத்தை மாற்றிப் பின்னர் மெய்ப்பும் பார்க்க வேண்டும். மூலக் குறியேற்றம் எது என்று தெரியாத கோப்பு, காகிதப் படியிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்யவேண்டிய நிலைக்கு உள்ளாகிறது.

கிரந்தச் சர்ச்சை

2010இல் விவாதம் தொழில்நுட்பத்தைக் கடந்து மொழிக்கொள்கையைத் தொட்டது. தமிழ்த் தொகுதியில் 26 கிரந்த எழுத்துகளைச் சேர்க்க ஒரு முன்மொழிவும், கிரந்தத்திற்குத் தனித் தொகுதி அமைக்க வேறொரு முன்மொழிவும் ஒருங்குறிச் சேர்த்தியத்திடம் அளிக்கப்பட்டன. பின்னதில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகள் இடம்பெற்றமைக்குத் தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி, முடிவைத் தள்ளிவைக்குமாறு நடுவண் அரசுக்குக் கடிதம் எழுதினார். தமிழ்த் தொகுதியில் அந்த 26 எழுத்துகளும் சேர்க்கப்படவில்லை. 2014இல் வெளியான ஒருங்குறியின் 7.0 பதிப்பில் கிரந்தம் தனித் தொகுதியாக இடம்பெற்றது.

பிற்கால நிலை

கைபேசிகள் பரவிய பின்னர் ஒருங்குறியே இணையத் தமிழின் பொதுக் குறியேற்றமாக நிலைபெற்றது. தொடக்கக் கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் கட்டங்களாகத் தெரிந்தபோதிலும், பின்வந்த பதிப்புகளில் இக்குறை நீங்கியது. 2019இல் வெளியான 12.0 பதிப்பில் முந்திரி, மாகாணி முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் தமிழ்த் துணைத் தொகுதி என்னும் தனிப் பகுதி அமைக்கப்பட்டது.

ஒருங்குறி மீது சுட்டப்பட்ட குறைகள் பொய்யாகிவிடவில்லை. அவை குறியேற்றத்தை மாற்றாமலேயே மென்பொருள் மட்டத்தில் ஈடுசெய்யப்பட்டுள்ளன. தமிழ் எழுத்துகளைப் பிரித்து எண்ணுவதற்கு ஓப்பன் தமிழ் போன்ற கட்டற்ற நூலகங்கள் உள்ளன. எல்லாக் கணினிகளிலும் படிக்க இயலும் என்ற ஒரே பண்பு, அமைப்பில் சிறந்ததாகக் கருதப்பட்ட டேஸ்-16ஐ விட ஒருங்குறிக்கு முன்னுரிமை பெற்றுத் தந்தது. பழைய குறியேற்றங்களில் தங்கிவிட்ட நூல்கள், இதழ்கள், அரசு ஆவணங்கள் ஆகியவற்றை மாற்றுவது இவ்விவாதத்தின் எஞ்சிய பணியாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* ஒருங்குறி
* தமிழ்99
* உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்
* மதுரைத் திட்டம்
* தமிழ் இணையக் கல்விக்கழகம்