நண்டின் கொடுக்கு

போன மாசி மாதம் அக்கா போன் செய்தாள். "தம்பி, பாப்பாவுக்குக் காது குத்தப் போறோம். குலதெய்வம் கோயில்லதான். தாய்மாமன் மடி வேணும், லீவு போட்டுட்டு வந்துடு." சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு கை தானாக நெஞ்சுக்குப் போனது.

என் நெஞ்சின் நடுவில், சட்டையின் இரண்டாவது பட்டனுக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தடிப்பு இருக்கிறது. கல்லூரி விடுதியில் வந்த ஒரு பரு. அதைக் கிள்ளினேன். பரு போய்விட்டது, தழும்பு போகவில்லை. பாசிப்பயறு அளவில் இருந்தது இரண்டு வருடத்தில் புளியங்கொட்டை ஆனது. இரவில் அரிக்கும், சட்டை உரசினால் சுள்ளென்று குத்தும். முதல் வேலையின் முதல் சம்பளத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். "சின்ன வேலை தம்பி, வெட்டி எடுத்துடலாம்" என்றார். எடுத்தார். எட்டு மாதத்தில் அது முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது.

கீலாய்டு என்ற சொல்லை நான் கேட்டது அதற்குப் பிறகுதான், இரண்டாவது டாக்டரிடம். அவர் முதலில் கேட்ட கேள்வி: "உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

இருந்தது. அம்மாவின் இடது தோளில், தடுப்பூசி போட்ட இடத்தில். "அது ஊசித் தழும்புடா" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டிருந்த விஷயம். இப்போது பாப்பாவின் காது.

*

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஜான் லூயி அலிபெர். பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் 1801 முதல் வேலை பார்த்தவர். கொள்ளைநோய்க்காரர்களை நகரத்திலிருந்து ஒதுக்கி வைப்பதற்காக 1607இல் கட்டத் தொடங்கிய மருத்துவமனை அது. அலிபெரின் காலத்தில் அங்கே தோல்நோய்க்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவர் மரத்தடியில், திறந்த வெளியில், நோயாளிகளை முன்னால் நிறுத்திப் பாடம் நடத்துவார். கூட்டம் சேரும்.

1806இல் வரத் தொடங்கிய, வண்ணப்படங்கள் கொண்ட தன் பெரிய நூலில், காயத்தின் எல்லை தாண்டிப் பரவும் இந்தத் தடிப்பை அவர் 'கான்க்ராய்டு' என்றார். புற்றுநோய் போன்றது என்று பொருள். லத்தீனில் 'கான்சர்' என்றால் நண்டு. பத்தாண்டு கழித்து அவருக்கே அந்தப் பெயர் உறுத்தியது. இது புற்றுநோய் இல்லை. பெயரைக் கேட்டே நோயாளி பயந்துபோவான். அதனால் 'கெலாய்டு' என்று மாற்றினார். கிரேக்கத்தில் 'கேலே' என்றால் நண்டின் கொடுக்கு. ஆக, நண்டை விட்டுவிட்டுக் கொடுக்கை மட்டும் வைத்துக்கொண்டார். (நாம் புற்று என்கிறோம். நமக்கு அது மண்ணிலிருந்து எழும்புவது, அவர்களுக்குப் பக்கவாட்டில் நகர்வது.)

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், பெயர் வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. 1854இல் லண்டனில் தாமஸ் அடிசன் வேறொரு தோல்நோயை எடுத்து, அதுதான் 'உண்மையான கீலாய்டு', அலிபெர் சொன்னது வேறு என்று எழுதினார். ஒரே பெயரில் இரண்டு நோய். அடிசன் சொன்னது இன்று மார்ஃபியா என்ற தனிப்பெயரில் இருக்கிறது. கீலாய்டு அலிபெருக்கே திரும்பியது.

*

கீலாய்டின் வரலாற்றில் அதிகம் பேர் பார்த்த உடல் எந்த மருத்துவ நூலிலும் வந்ததல்ல.

1863 ஏப்ரல், அமெரிக்க உள்நாட்டுப் போர். லூசியானாவின் ஒரு தோட்டத்திலிருந்து தப்பிய அடிமை ஒருவர் பேட்டன் ரூஜில் இருந்த வடக்குப் படையின் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயரைக் கார்டன் என்றும் பீட்டர் என்றும் எழுதுகிறார்கள். அங்கே மெக்பெர்சன், ஆலிவர் என்ற இரு புகைப்படக்காரர்கள் அவரை முதுகு காட்டி உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு கை இடுப்பில், முகம் பக்கவாட்டில். முதுகு முழுக்க, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிளைவிடும் வேர்கள்போலத் தழும்புகள். சவுக்கடிக்குப் பிறகு இரண்டு மாதம் படுக்கையில் கிடந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படம் சிறிய அட்டைகளாக அச்சாகி வடக்கு மாநிலங்களில் கைமாறியது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' அதை மரச்செதுக்குப் படமாக வெளியிட்டது. அடிமைகள் சுகமாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பதிலாக நின்றது.

இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் தழும்புக்குப் பெயர் தெரிந்த பிறகு பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அதே சவுக்கு எத்தனையோ முதுகுகளில் விழுந்திருக்கும். பல முதுகுகளில் அது மெல்லிய வெள்ளைக் கோடாக மங்கியிருக்கும், கேமராவில் விழுந்திருக்காது. அடர்நிறத் தோலில் கீலாய்டு அதிகம் வருகிறது. ஆறும்போது அடங்காத தோல் அவருடையது. அதனால்தான் ஒவ்வொரு அடியும் மேடாக நின்றது. அடித்தவன் நினைத்ததைவிட அதிகமாக அந்தத் தோல் எழுதி வைத்துக்கொண்டது.

*

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் அணுகுண்டின் வெப்பத்தில் வெந்து பிழைத்தவர்களின் காயம் சில மாதங்களில் மூடியது. ஆறிவிட்டது என்று நினைத்த இடத்தில் தோல் தடித்து எழும்பத் தொடங்கியது. 1946, 47இல் அது உச்சம். கழுத்து முகவாயோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் மடங்கியபடி இறுகின. வெட்டி எடுத்தால் பலருக்கு மீண்டும் வந்தது. 'கெரோய்தோ' என்ற மருத்துவச் சொல் ஜப்பானில் தெருச்சொல் ஆனது. அந்தச் சொல் இருந்த முகத்துக்கு வேலை கிடைக்கவில்லை, கல்யாணம் நடக்கவில்லை.

அமெரிக்கா அங்கே ஒரு ஆய்வுக் குழுவை அமைத்தது. அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம் என்று பெயர். அது அளந்தது, படம் எடுத்தது, ரத்தம் எடுத்தது. சிகிச்சை அதன் வேலையாக இல்லை. எங்களைப் பார்க்கிறார்கள், குணப்படுத்த மாட்டேன் என்கிறார்கள் என்பது பிழைத்தவர்களின் நெடுநாள் குறை.

1955 மே மாதம், கியோஷி தானிமோடோ என்ற பாதிரியாரும் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரும் எடுத்த முயற்சியில், 25 இளம்பெண்கள் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சைக்காகப் போனார்கள். அதே மாதம் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தானிமோடோவை மேடையேற்றி, குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி ராபர்ட் லூயிஸை அவர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண்களில் இருவர் திரைக்குப் பின்னால் நிழலாக மட்டும் காட்டப்பட்டார்கள். கார்டனின் முதுகை ஊரெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பெண்களின் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது.

ஒன்றரை ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஒரு பெண் மயக்க மருந்து நிலையிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். முகம் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் விரல் நீட்ட முடிந்தது, கழுத்தைத் திருப்ப முடிந்தது.

*

இவ்வளவு பார்த்தும் ஏன் இன்னும் முழுத் தீர்வு இல்லை? ஒரு காரணம் எளிமையானது. எலிக்குக் கீலாய்டு வராது, மனிதனுக்குத்தான் வரும். அதனால் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க நல்ல மாதிரி கிடையாது.

தெரிந்தது இவ்வளவு. காயம் பட்டதும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து கொலாஜன் நாரைப் பின்னி இடைவெளியை மூடும். வேலை முடிந்ததும் அடங்கும். கீலாய்டில் அவை அடங்குவதில்லை. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்தால் அது சாதாரணத் தடித்த தழும்பு, நாளடைவில் அமுங்கலாம். எல்லை தாண்டி நல்ல தோலுக்குள் நுழைந்தால் கீலாய்டு. ஜப்பானில் ரெய் ஒகாவாவின் குழு இழுவிசையை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. தோல் எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் தடிப்பு நீள்கிறது. நெஞ்சு, தோள் எல்லாம் நாள் முழுக்க இழுபடும் இடங்கள். இழுவையே இல்லாத மேல் இமையில் கீலாய்டு மிக அபூர்வம். அலிபெர் பார்த்த கொடுக்கின் வடிவம் வந்த வழி இதுதான்.

கத்தி மட்டும் போதாது. வெறுமனே வெட்டினால் திரும்பி வரும் வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. என் முதல் டாக்டர் வெட்டியது தவறில்லை, வெட்டியதோடு நிறுத்தியதுதான் தவறு. வெட்டிய கையோடு கதிர்வீச்சு கொடுப்பது 1906இல் பிரான்சில் தொடங்கிய வழியின் தொடர்ச்சி. 1960களில் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி வந்தது. 70களில் தீக்காயங்களுக்கு அழுத்தத் துணி, 80களில் சிலிக்கான் தகடு. எதுவும் தனியாக முழுசாக வெல்வதில்லை, இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுகிறார்கள்.

எனக்கு ட்ரையம்சினலோன் ஊசி, மாதம் ஒருமுறை. தழும்பு அவ்வளவு கெட்டி, மருந்து உள்ளே இறங்காது. டாக்டர் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவார். நான் கூரை மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுவேன். ஆறு ஊசிக்குப் பிறகு அரிப்பு நின்றது. மேடு பாதியாகத் தணிந்தது. போகவில்லை.

*

அக்காவுக்குத் திரும்பப் போன் செய்தேன். இது குடும்பத்தில் ஓடுவது, அம்மாவுக்கும் எனக்கும் இருக்கிறது என்று சொன்னேன். "அதுக்காகப் பொட்டப்புள்ளைக்குக் காது குத்தாம விடுறதா?" என்றாள். கோபமில்லை, நிஜமாகவே கேட்டாள்.

2005இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வு, 11 வயதுக்குப் பிறகு காது குத்திக்கொண்டவர்களுக்குத்தான் கீலாய்டு அதிகம் வருகிறது என்றது. சின்ன வயதில் குத்துவது ஒரு வகையில் நல்லதே. டாக்டரிடமும் கேட்டோம். ஒரு காதுக்கு ஒரு ஓட்டை போதும், மேல்காது வேண்டாம், புண் ஆறிய பிறகும் ஒரு வருடம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், தடித்தால் உடனே வாருங்கள், கத்தி வைக்க யாரிடமும் போகாதீர்கள் என்றார். அக்கா அதை காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தாள்.

ஆசாரி வந்தார். பாப்பா என் மடியில் வீறிட்டு அழுது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது பட்டன் கழன்றுகொண்டது. தடிப்பில் அவள் விரல் பட்டதும் ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு மீண்டும் அழுதாள்.

ஏழு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா இரண்டு காதையும் படம் எடுத்து அனுப்புகிறாள். பெரிதாக்கி ஓரத்தைப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுமில்லை.