பாட்டு போடலாம், செய்தி சொல்லக் கூடாது

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன் மக்களே. ஒரு கல்லூரியில் மாதப் பத்திரிகையும் நடக்கிறது, சொந்தமாக ஒரு எஃப்.எம். நிலையமும் இருக்கிறது என்று வையுங்கள். எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் அதே பசங்கதான். தாம்பரம் மாநகராட்சி ஒரு ஏரியை ஏன் இன்னும் தூர் வாரவில்லை என்று நாலு பேரைக் கேட்டு பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். அதையே மைக் முன்னால் உட்கார்ந்து செய்தியாக வாசிக்கலாமா?

கூடாது. பிரின்சிபால் திட்டுவார் என்பதால் இல்லை, அவர் சம்மதித்தாலும் கூடாது. உரிமத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அச்சடித்தால் சரி, காற்றில் விட்டால் தப்பு!

எங்கள் கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதுகிற, பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு அரை மணி நேரம் மொக்கை போடுகிற ஒரு பி.காம். மாணவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. டெபிட் ஒரு பக்கம் இருந்தால் கிரெடிட் இன்னொரு பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். ரொம்ப தூரம் போக வேண்டியதாகி விட்டது.

முதலில் பத்திரிகை. தாம்பரம் என்றால் நமக்கு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கல்லூரி இங்கே வந்தது 1937-ல்தான். அதற்கு முன்னால் ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. (1931-ல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிக்காமல் இருந்தால் இவ்வளவு தூரம் தள்ளி, காட்டுக்குள் ஒரு கல்லூரியைக் கொண்டு வர யாருக்காவது தைரியம் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.) ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்திலேயே அவர்களுக்கு ஒரு பத்திரிகை உண்டு. பெயர் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின். 1883-ல் ஆரம்பித்தது.

ஒரே வருஷத்தில் அது கிளப்பிய புயல் லண்டன் வரை போனது. 1882 கடைசியில் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டு வந்திருந்தது. மேடம் பிளாவட்ஸ்கிக்கு இமயமலை மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வருவதாக ஊரெல்லாம் பேச்சு. கடிதம் அலமாரிக்குள் தானாகத் தோன்றும், கூரையிலிருந்து விழும் என்றெல்லாம் சொன்னார்கள். 1884-ல் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் ஐரோப்பா போயிருந்த நேரத்தில், அடையாறு பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த கூலோம் தம்பதிக்கும் சபைக்காரர்களுக்கும் சண்டை வந்தது. தம்பதி வெளியேற்றப்பட்டார்கள். போகும்போது எம்மா கூலோம் ஒரு கட்டு கடிதங்களோடு போனார். அற்புதங்களை எப்படி 'ஏற்பாடு' செய்ய வேண்டும் என்று பிளாவட்ஸ்கியே தனக்கு எழுதிய கடிதங்கள் இவை என்றார். கல்லூரிப் பத்திரிகை 1884 செப்டம்பர் இதழில் அவற்றை வெளியிட்டது. 'கூட் ஹூமியின் வீழ்ச்சி' என்று தலைப்பு. கூட் ஹூமி என்பது அந்த மகாத்மாக்களில் ஒருவர் பெயர். தலைப்பு வைத்தவருக்கு இன்றைக்கு எந்த டிவி சேனலிலும் வேலை கிடைக்கும். :)

அதன் பிறகு நடந்தது எல்லாம் வேகம். லண்டனிலிருந்து ஆவி ஆராய்ச்சிக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை அடையாறுக்கு அனுப்பி விசாரித்தது. கடிதங்கள் உண்மை, அற்புதங்கள் மோசடி என்று 1885 டிசம்பரில் அறிக்கை வந்தது. அதற்கு முன்பே, மார்ச் 1885-ல் பிளாவட்ஸ்கி இந்தியாவை விட்டுப் போய்விட்டார். திரும்ப வரவேயில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. 1884 டிசம்பரில் பிளாவட்ஸ்கி ஐரோப்பாவிலிருந்து சென்னை திரும்பியபோது மாணவர்கள் திரண்டு வந்து அவரை வரவேற்று, மடல் வாசித்துக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கல்லூரி மாணவர்கள்? சாட்சாத் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களேதான்! பத்திரிகை நடத்தியது பாதிரியார்களான பேராசிரியர்கள். ஒரு மதத்தை எதிர்த்து இன்னொரு மதத்துக்காரர்கள் நடத்திய வேலையாகவே மாணவர்கள் அதைப் பார்த்தார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நூறு வருஷம் கழித்து, 1986-ல், அதே ஆராய்ச்சிக் கழகத்தின் இதழிலேயே வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று பிரித்து மேய்ந்தார்.

யார் சொன்னது உண்மை என்பது நம் வேலை இல்லை. ஒரு கல்லூரிப் பத்திரிகை ஊரிலேயே செல்வாக்கான ஆட்களைக் கேள்வி கேட்டது. அடிபட்டவர்கள் பதில் சொன்னார்கள். அந்தக் கல்லூரி மாணவர்களே மாற்றுக் கட்சி கட்டினார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், 1884-ல், யாரும் உரிமம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை.

இப்போது வானொலிக்கு வருவோம். ஹாட்ஜ்சன் அறிக்கை வந்த அதே 1885-ல்தான் இந்தியத் தந்திச் சட்டமும் வந்தது. கம்பி வழியாகத் தந்தி அடிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டுமே, வேண்டுமானால் பிறருக்கு உரிமம் தரும் என்பது அதன் சாரம். அப்போது வானொலியே கிடையாது. மார்க்கோனி பதினோரு வயசுப் பையன். ஆனால் அந்தச் சட்டம்தான் பின்னால் வானொலியையும் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்படும் வரை அதன் காலம் ஓடியது.

இருந்தும், ஆரம்பத்தில் வானொலி நடத்தியவர்கள் ஆர்வக்கோளாறு பிடித்த தனி மனிதர்கள்தான். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு. 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஒரு குண்டு பல்பின் சக்தி! அகில இந்திய வானொலி என்ற பெயர் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முந்தி, சாயங்காலமானால் சங்கீதமும் பேச்சும் கேட்டிருக்கிறார்கள் நம் ஊர்க்காரர்கள். காசு இல்லாமல் 1927 அக்டோபரில் கிளப்பை மூடினார்கள். ஆனால் டிரான்ஸ்மிட்டரை வீணாக்காமல் சென்னை கார்ப்பரேஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து கார்ப்பரேஷனே வானொலி நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் போட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அந்தக் கதை முடிந்தது.

கல்லூரி ஆள் ஒருவரும் உண்டு. மைசூரில் எம்.வி. கோபாலசாமி என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர். 1935-ல் 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பினார். நிலையத்தின் பெயர் ஆகாசவாணி. பின்னாளில் அரசாங்க வானொலியே இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 'வானொலி என்று அழகாக ஒரு சொல் இருக்க இது எதற்கு' என்று தமிழ்நாட்டில் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறோம்! ஒரு வாத்தியார் வீட்டு மாடிச் சரக்கு என்று தெரிந்தால் அந்தப் பெயர்மேல் கொஞ்சம் பாசம் வருகிறதா, இல்லையா?

சுதந்திரத்துக்குப் பிறகு குடை இன்னும் இறுகியது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. வானொலியில் சினிமாப் பாட்டு வற்றிப் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? அமைச்சரோடு சண்டை போடவில்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று கடல் தாண்டி வந்த குரல்கள் நம் ஊர் டீக்கடைகளை ஆண்டன. கடைசியில் 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பொருளாதாரத்தில் இதற்கு டிமாண்ட் என்று பெயர். அரசாங்கத்துக்கு ஐந்து வருஷம் ஆனது புரிய.

பாட்டு விஷயத்தில் ஜனங்கள் ஜெயித்தார்கள். செய்தி விஷயத்தில் அப்படி நடக்கவில்லை என்பதுதான் பிரச்னையே.

1995 பிப்ரவரி 9-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. கிரிக்கெட் மேட்ச் ஒளிபரப்பு பற்றிய வழக்கு. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் இல்லை, தனியாரின் ஏகபோகமும் ஆகக் கூடாது என்றது. அதன் பிறகு கதவு திறந்தது, ஆனால் முதலில் யாருக்குத் திறந்தது என்று பாருங்கள். ஏலத்தில் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு. முதல் கட்டத்தில் உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் என்று வைத்தார்கள். வருமானம் ஏறுமா என்று யாரும் கேட்கவில்லை. பல கம்பெனிகள் மூச்சுத் திணறிய பிறகு 2005-ல் மொத்த வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். 2003-ல் சென்னையில் சூரியனும் மிர்ச்சியும் வந்தன. காலேஜ் பஸ்ஸில் அந்தாக்ஷரி செத்தது அந்த வருஷம்தான் என்று எங்கள் சீனியர்களின் சீனியர்கள் சொல்வார்கள்.

கல்லூரிகளுக்கான அனுமதி 2002 டிசம்பரில் வந்தது. அதைப் பயன்படுத்தி நாட்டிலேயே முதலாவதாக வந்த கேம்பஸ் சமுதாய வானொலி நம் கிண்டியில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 90.4 மெகாஹெர்ட்ஸ். 2004 பிப்ரவரி 1-ல் அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி தொடங்கி வைத்தார். மீடியா படிக்கும் மாணவர்கள் நிகழ்ச்சி தயாரித்தார்கள். அடுத்த வருஷம் எம்.ஓ.பி. வைணவப் பெண்கள் கல்லூரி 107.8-ல் வந்தது. பிறகு நம் தெற்குப் பக்கம் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்.மின் முத்துச்சரம்.

இந்த நிலையங்களின் சக்தி பொதுவாக 50 வாட். 1924-ல் செட்டியார் வைத்திருந்ததைவிடப் பத்து வாட் கூட, அவ்வளவுதான்! ஆண்டெனா 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும் சமாச்சாரம். கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் வரிசை கட்டி நிற்கின்றன. 50 வாட்டை வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால்தான் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே பேசுகிற வானொலி தேவை என்கிறேன்.

பாட்டும் சும்மா கிடைக்காது. சினிமாப் பாட்டு போட்டால் ராயல்டி. விளம்பரம் 2006 விதிப்படி மணிக்கு 5 நிமிடம், பின்னால்தான் 12 நிமிடம் வரை கூட்டினார்கள். பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும். இந்த விதி எனக்குப் பிடிக்கும். கானா பாடுகிற பையன், கீரை விற்கிற அம்மா, ரயில்வே கேட்கீப்பர் என்று ஆட்களைத் தேடிப் போக வைக்கிறது. மைக்கை நீட்டினதும் அவர்கள் முதலில் பேசுவது பாட்டைப் பற்றியா? தண்ணீர் லாரியைப் பற்றி, பட்டாவைப் பற்றி, கவுன்சிலரைப் பற்றி. எடிட்டிங்கில் வெட்ட வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலியைத் திறந்து விட்டார்கள். அப்போதும் 'செய்தியும் நடப்பு விவகாரமும் கூடாது' என்ற வரி அப்படியே நின்றது. பிறகு வந்த விளக்கங்களில் சிலவற்றைச் 'செய்தி அல்ல' என்று தனியே பிரித்தார்கள். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு சொல்லலாம். மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்பைச் சொல்லலாம். ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒரு வார்த்தை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் என்ற அமைப்பு 2013-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அரசுத் தரப்பின் கவலை பாதுகாப்பு, யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிக்க முடியாது என்பது. செயற்கைக்கோள் சேனல்கள் நூற்றுக்கணக்கில் இருபத்திநாலு மணி நேரமும் கத்துகிற நாட்டில், 50 வாட் நிலையத்தைக் கண்டு பயம்.

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். அடையாறு ஆறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. பேட்டரியில் ஓடுகிற ரேடியோப் பெட்டி ஒன்றுதான் அந்த நேரத்தில் வேலை செய்யக்கூடியது. இன்றைய விதிப்படி ஒரு கல்லூரி வானொலி அந்த ராத்திரி என்ன சொல்லலாம்? எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று கலெக்டர் ஆபீஸ் சொன்னால் சொல்லலாம். முடிச்சூரில் மொட்டை மாடியில் நிற்கிற ஒருவர் 'இன்னும் படகு வரவில்லை' என்று சொல்வதை ஒலிபரப்பினால் அது செய்தியா, இயற்கைச் சீற்ற அறிவிப்பா? நிர்வாகம் தந்த தகவல் இல்லையே! உரிமம் வைத்திருப்பவர் நாலு தடவை யோசிப்பார்.

இப்போது எங்கள் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து போட்காஸ்ட் ஒன்று பதிவு செய்கிறார்கள். ஆண்டெனா வேண்டாம், உரிமம் வேண்டாம், மாநகராட்சிக் கூட்டத்தைப் பற்றியே ஒரு பகுதி பேசியிருக்கிறார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் நாங்களே. டேட்டா இல்லாத, பெட்டியைத் திருகினால் பாட்டு வர வேண்டும் என்று நினைக்கிற கிழக்குத் தாம்பரம் மார்க்கெட் ஆட்களுக்கு அது போய்ச் சேராது. அதனால் ஏரி கட்டுரையை இந்த மாதப் பத்திரிகையில்தான் போடுகிறோம், நாலு பக்கம். பாட்டு நிகழ்ச்சியில் கேஸ்கர் காலத்து இலங்கை வானொலிப் பாட்டுகள். 2004, 2005 வாக்கில் இந்தக் கல்லூரி நிலையங்களில் மைக் பிடித்த அக்கா அண்ணன்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு எதை எதை வெட்டினீர்கள் என்று மட்டும் கொஞ்சம் சொல்லுங்களேன்.