பாதர்கிட்ட சொன்னா வெளியே போகாது

ஜொகூர்ப் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் இது. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று தேடிப் பார்த்தேன்.

திருச்சபைச் சட்டத்தில் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுதும் மடத்தில் தவமிருக்க வைக்க வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அந்த முத்திரை இன்றும் நீடிக்கிறது.

நாட்டுச் சட்டத்தின் கதை வேறு. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்திய சாட்சியச் சட்டத்தை வகுத்தார். கணவன் மனைவி பேச்சுக்கு 122ஆம் பிரிவு, வழக்கறிஞரிடம் சொன்னதற்கு 126ஆம் பிரிவு பாதுகாப்பு தந்தன. குருவைப் பற்றி ஒரு பிரிவும் இல்லை. மலாயாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் அதன் வழியில் வந்தது. அந்த இரு பிரிவுகளின் எண்கூட மாறவில்லை. குருவுக்கான இடமும் காலியாகவே இருந்தது.

இது நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்வது பற்றியது. தானாகப் போய்ப் புகார் சொல்லும் கடமை வேறு. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், பராமரிப்பாளர் ஆகியோரை மட்டும் குறிப்பிட்டது. 2017இல் வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு 'எவரும்' என்கிறது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். குருவுக்கோ பாஸ்டருக்கோ அதில் விலக்கு எழுதப்படவில்லை.

நம் ஆட்கள் பெரும்பாலும் மனம்விட்டுப் பேசுவது பாவசங்கீர்த்தனத்தில் அல்ல. பங்கு அலுவலகத்தில், வீடு சந்திப்பில், ஜெபக் கூட்டம் முடிந்த பிறகு. அங்கே திருச்சபையின் முத்திரையே கிடையாது. இருந்தும் 'பாதருக்குத் தெரியும், போதும்' என்று பல வீடுகளில் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். குடும்ப மானம் காப்பாற்றப்படுகிறது. பிள்ளை அதே வீட்டில்தான் இருக்கிறது.

முத்திரை காப்பது தன் பாவத்தைச் சொல்ல வந்தவரை. தனக்கு நடந்ததைச் சொல்லும் பிள்ளை எந்தப் பாவமும் செய்யவில்லை. வத்திக்கானே 2019 ஜூலையில், பாதிக்கப்பட்டவர் பாவசங்கீர்த்தனத்தில் பேசினால், அவருடைய உரிமைகளையும் புகார் செய்யும் வழிகளையும் குரு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது.

ஆலோசனைக்கு உட்காரும் எந்தப் போதகரும் பேச்சு தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடலாம்: "நீங்க சொல்றதை ஊர்ல பேச மாட்டேன். ஆனா ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னா, போலீஸ்ல சொல்லித்தான் ஆகணும்." இதைக் கேட்டுச் சிலர் எழுந்து போகலாம். ஆனால் உட்கார்ந்து பேசுகிறவர் எதை நம்பிப் பேசுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.