புன்னைக்காயலில் பூத்த சொல்

தூத்துக்குடிப் பள்ளியொன்றில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். 'ஃப்ளரிஷ்' என்றொரு சொல் வந்தது. செழித்தல் என்று பொருள் கூறி மேலே செல்ல முனைந்தோம். கடலோடி வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஐயா, 'ஃப்ளவர்' போல ஒலிக்கிறதே, இரண்டும் ஒன்றா?" என்று கேட்டான்.

ஒன்றுதான்! நாம் கடந்து செல்ல இருந்ததை அவன் செவி பிடித்துவிட்டது.

இலத்தீனில் 'ஃப்ளோஸ்' என்றால் பூ. அதன் வழிவந்த வினை பிரெஞ்சு மொழி புகுந்து, ஆங்கிலத்தில் 'ஃப்ளரிஷ்' ஆயிற்று. முதலில் பூத்தல், பிறகு தழைத்தல், செழித்தல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையில் அவர்கள் மொழி அமர்ந்தது. 'ஃப்ளவர்' அந்த வழியே வந்த சொல். 'ப்ளாசம்' ஆங்கில உழவனின் பழஞ்சொல். 'ப்ளூம்' வடகடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியச் சொல். மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்பர் மொழிநூலார். வேர் ஒன்றாயினும், வந்த வழி வேறு!

இன்னொரு வேடிக்கை. மாவைக் குறிக்கும் 'ஃப்ளௌர்' என்பதும் அதே பூதான். எழுத்து மட்டுமே பின்னாளில் மாறியது. தவிடு நீக்கிச் சலித்தெடுத்த மேலான பகுதி, தானியத்தின் 'பூ'வாம். பூ என்றால் பொறுக்கியெடுத்தது என்ற பொருள் அங்கே வேரூன்றிவிட்டது.

அந்த இலத்தீன் பூ நம் கரைக்கு ஆங்கிலேயன் கப்பலிலா வந்தது? அன்று! கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது 1600இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாக, 1586இல், 'ஃப்ளோஸ் சாங்க்டோரும்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது. அடியார்களின் மலர் என்பது அத்தலைப்பின் பொருள். அச்சான இடம் தாமிரபரணி கடல் சேரும் புன்னைக்காயல் என்பது ஆய்வாளர் முடிபு. ஊர்ப் பெயரிலேயே பூமரம்! புன்னையின் அரும்பை முத்துக்கு உவமை சொல்வது நம் பழம்புலவர் வழக்கம். முத்துக் கரையில், புன்னையின் பெயர் கொண்ட ஊரில், பூவின் பெயர் கொண்ட நூல்!

எழுதியவர் அண்டிரிக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவரும் அவரே. நூலில் நிறைந்திருப்பவை புனிதர் கதைகள். அற்புதங்களை நம்மிடம் ஒப்புக்கொள்ளச் சொன்னால் ஒப்போம். ஆயின் அந்த அச்சுப் பணிக்குப் பொருள் திரட்டித் தந்தவர் யார்? மன்னரா? மடாதிபதியா? முத்துக்குளித்துறைப் பரதவர்! இடுப்பிலே கயிறும் காலிலே கல்லுமாய்க் கடலடி சென்று, மூச்சடக்கிச் சிப்பி வாரியவர். அவர்கள் எடுத்த முத்து அரசர் முடியேறிற்று, அணங்குகளின் கழுத்தேறிற்று. தமிழை அச்சேற்ற உதவியது அவர்கள் உழைப்பு. அதை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன?

தமிழிலே மலர்தல் என்றால் விரிதல். கண் மலரும், முகம் மலரும். பொறுக்கி எடுப்பதன்று, மூடிக்கிடந்தது திறப்பது. இருவர் காதல் ஊரார் வாயில் விரிந்தால் அதற்கும் 'அலர்' என்றே பெயரிட்டனர் சங்கச் சான்றோர். ஏட்டுக்கு 'இதழ்' என்று பெயர் வைத்தோம். ஆண்டுத் தொகுதிக்கு 'மலர்' என்றோம். ஐரோப்பாவின் 'ரினைசான்ஸ்' பிரெஞ்சில் மறுபிறப்பு என்று பொருள்படும். நம்மவர் அதை மறுபிறப்பு என்று பெயர்த்திருந்தால் கர்மவினைக்காரர் கைகொட்டி மகிழ்ந்திருப்பர். மறுமலர்ச்சி என்றனர், பிழைத்தோம்!

புன்னைக்காயல் நூல் கடல் கடந்து வாத்திகன் நூலகத்தில் ஒடுங்கிக் கிடந்தது. தனிநாயகம் அடிகளார் 1950களில் அதைக் கண்டு உலகுக்கு உரைத்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாகத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதை வெளியிட்டது. 381 ஆண்டுகள் கழித்துப் பிறந்த கரைக்கே திரும்பியது. இடையில், 1961இல், இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பும் முடிந்துவிட்டது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தோம். அந்தப் பிள்ளை மறுபடியும் எழுந்தான். "காசு கொடுத்தவர்கள் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா, ஐயா?"