பாலும் பாதாமும் போய் மாத்திரை வந்த கதை

பயில்வான், குஸ்தி, கோதா... இந்த மூன்று வார்த்தைகளும் நாம் தினமும் பேசுகிற தமிழில் இருக்கின்றன. தேர்தலில் நின்றால்கூட "கோதாவில் இறங்கிவிட்டார்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் இன்று மல்யுத்தம் என்றதும் செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் வார்த்தை வேறு: ஸ்டீராய்டு. உடம்பை வளர்ப்பதையே தவமாக நினைத்த ஒரு விளையாட்டுக்குள் இந்த மாத்திரை எப்போது வந்தது, யார் கொண்டு வந்தார்கள், மாட்டிக்கொள்வது யார்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மாத்திரைக்கு முன்பு

உடம்பு பெருக்க வேண்டும், எதிரியைத் தூக்கி அடிக்க வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவரும் அதே சோழனைப் பாடியிருக்கிறார். 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன், அதாவது பெரிய மல்லன். மாமல்லபுரம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில், மல்லர்களை எப்படிப் பிரிப்பது, என்ன பயிற்சி, என்ன உணவு என்று தனிப் பகுதியே இருக்கிறது.

அந்தப் பாதையின் உச்சம் காமா பயில்வான். 1910-இல் லண்டன் போய், தன்னைவிட எடை அதிகமான போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்து தப்பித்தார். மறுபடி மோத வேண்டிய நாளில் அவர் வரவில்லை, பட்டம் காமாவுக்குப் போனது. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினார்கள். ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றுவிட்டார்!

காமாவின் மருந்து என்ன? பால், நெய், பாதாம், இறைச்சி, ஆயிரக்கணக்கில் தண்டால், பஸ்கி. எண்ணிக்கையில் கொஞ்சம் கதை கலந்திருக்கலாம். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. இந்தச் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும், இந்தப் பயிற்சிக்கு வருடங்கள் வேண்டும். இரண்டையும் கொடுத்தவர்கள் ராஜாக்கள். காமாவை ஆதரித்தவர் பாட்டியாலா மகாராஜா. சிறு வயதிலிருந்தே சோறு போட்டு, பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க அரண்மனையால் முடிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனைகள் போயின. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கம் வாங்கித் தந்த கே.டி. ஜாதவ், ஊராரிடம் பணம் திரட்டித்தான் விமானம் ஏறினார். அவர் படித்த கல்லூரியின் முதல்வர் வீட்டையே அடமானம் வைத்து உதவினார். பிறகு ஜாதவ் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் ஆனார். அதிலிருந்து பயில்வானுக்கு ராஜா என்றால் ரயில்வே, ராணுவம், போலீஸ்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் குடும்பம் பிழைக்கும். ஆனால் அந்த வேலைக்கு வயது வரம்பு உண்டு, பதக்கச் சான்றிதழ் வேண்டும். ராஜா காத்திருப்பார், கோட்டா காத்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சோதனைக்கூடத்தில் பிறந்த பலம்

1935-இல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஆம்ஸ்டர்டாமில் பிரித்தெடுத்தார்கள். அதே வருடம் அடால்ஃப் பூட்டனான்ட், லியோபோல்டு ருசிக்கா இருவரும் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவர்களுக்குத்தான். இந்த ஹார்மோன் தசைச் செல்லுக்குள் போய், புரதத்தை வேகமாகச் சேர்த்துக் கட்டச் சொல்கிறது. நோயில் மெலிந்தவர்களுக்கும், ஹார்மோன் குறைந்தவர்களுக்கும் இது உண்மையிலேயே நல்ல மருந்து.

1954-இல் வியன்னாவில் உலக பளுதூக்கும் போட்டி நடந்தது. அமெரிக்க அணியோடு போன டாக்டர் ஜான் ஜீக்லர், சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். 1958-இல் சீபா கம்பெனி மெத்தாண்டியனோன் என்ற மருந்தை டயனபால் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஊசி வேண்டாம், மாத்திரை போதும். ஜீக்லர் அதைத் தன்னிடம் வந்த பளுதூக்குபவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் அவர் சொன்ன அளவைத் தாண்டி அள்ளி விழுங்கியதைப் பார்த்துப் பிற்காலத்தில் மிகவும் வருந்தினார். (மெத்தாண்டியனோன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஸ்டீராய்டைத் தடை செய்தது 1975-இல். 1976 மான்ட்ரியலில்தான் முதல் சோதனை. அதில் மாட்டியவர்களில் பெரும்பாலானோர் பளுதூக்குபவர்கள். மல்யுத்தம் ரொம்ப நாள் பின்தங்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் கிரேக்க ரோமன் பாணியின் மிக அதிக எடைப் பிரிவில் வெள்ளி வென்ற ஸ்வீடன் வீரர் தாமஸ் ஜோஹான்சன், மெத்தினோலோன் என்ற ஸ்டீராய்டால் பதக்கத்தை இழந்தார்.

எடைப் பிரிவு இருக்கும்போது எதற்கு ஸ்டீராய்டு?

நியாயமான கேள்வி. 74 கிலோ பிரிவில் மோதுபவன் 84 கிலோ ஆனால் அவனுக்கு நஷ்டம்தானே? ஆனால் மல்யுத்தத்தில் ஸ்டீராய்டு மூன்று வேலை செய்கிறது. ஒன்று, அதே 74 கிலோவுக்குள் கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டுகிறது. இரண்டு, காலையில் அடித்துப் போட்ட உடம்பு மாலைப் பயிற்சிக்குத் தயாராகிவிடுகிறது. மூன்று, போட்டிக்கு முன் பட்டினி கிடந்து எடை குறைக்கும்போது தசை கரையாமல் பிடித்து வைக்கிறது. உச்ச எடைப் பிரிவில் கேட்கவே வேண்டாம், அங்கே பெரிய உடம்பே ஆயுதம்.

இன்னொரு பக்கம் டி.வி. மல்யுத்தம். நம் அண்ணன்மார் காலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு விளையாடாத பள்ளிக்கூடம் இருந்திருக்காது. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ்... எண் பெரிதாக இருந்தால் கார்டு உனக்கு! அந்தக் கார்டில் இல்லாத விஷயம் 1994-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேன் மீதான ஸ்டீராய்டு வழக்கில் ஹல்க் ஹோகன் சாட்சி சொல்ல வந்து, தான் பல வருடம் ஸ்டீராய்டு எடுத்ததாகச் சத்தியம் செய்து ஒப்புக்கொண்டார். மக்மேன் விடுதலையானார். ஆனால் ஒரு தலைமுறைப் பையன்கள் "பயில்வான் உடம்பு" என்று மனதில் பதித்துக்கொண்ட அளவே மருந்தால் வந்த அளவு என்பது அன்று தெரிந்தது.

2016 ஆகஸ்ட்: இரண்டு இந்தியர்கள்

ஒரே மாதத்தில் இரண்டு இந்திய மல்யுத்த வீரர்கள் இந்தக் கதைக்குள் வந்தார்கள்.

முதலாமவர் நர்சிங் யாதவ். மும்பையில் பால் வியாபாரம் செய்தவரின் மகன், மகாராஷ்டிரா போலீஸில் டி.எஸ்.பி. 2015-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வென்று, 74 கிலோ பிரிவில் ரியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவின் இடத்தைப் பிடித்தார். இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்ற சுஷில் குமார், "எங்கள் இருவருக்கும் தகுதிப் போட்டி வையுங்கள்" என்று டெல்லி உயர்நீதிமன்றம் போனார். 2016 ஜூனில் அந்த மனு தள்ளுபடியானது. அதே ஜூன் 25-ஆம் தேதி நர்சிங்கிடம் எடுத்த மாதிரியில் ஒரு மருந்து இருந்தது. மெத்தாண்டியனோன். அதேதான், 1958-இன் டயனபால்! அவருடைய அறைத் தோழருக்கும் அதே முடிவு வந்தது.

சோனிபட் பயிற்சி மையத்தில் தன் சாப்பாட்டிலும் பானத்திலும் யாரோ கலந்துவிட்டார்கள் என்றார் நர்சிங். நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அதை ஏற்று, ஆகஸ்ட் 1-ஆம் தேதி அவரை விடுவித்தது. வாடா எனப்படும் உலக முகமை ரியோவிலேயே விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்தது. பானத்தில் கலந்த பொடியால் அந்த அளவு வராது, மாத்திரையாகவே உள்ளே போயிருக்க வேண்டும் என்று நிபுணர் சாட்சி சொன்னார். சதிக்கு ஆதாரம் இல்லை என்று ஆகஸ்ட் 18-ஆம் தேதி நான்கு வருடத் தடை விதிக்கப்பட்டது. மறுநாள் அவர் மோத வேண்டிய நாள்! சதிப் புகார் சிபிஐ வரை போனது. தடை முடிந்து 2020 டிசம்பரில் பெல்கிரேடு உலகக் கோப்பையில் மீண்டும் கோதாவில் இறங்கினார்.

இரண்டாமவர் யோகேஷ்வர் தத். 2012 லண்டனில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றவர். அந்தப் பிரிவில் வெள்ளி வென்றவர் ரஷ்யாவின் பெசிக் குதுகோவ். அவருடைய பழைய மாதிரியை மறுபடி சோதித்ததில் ஸ்டீராய்டு இருந்ததாக 2016 ஆகஸ்டில் செய்தி வந்தது. யோகேஷ்வருக்கு வெள்ளி கிடைக்கும் என்றார்கள். ஆனால் குதுகோவ் 2013 டிசம்பரிலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். பதக்கம் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், எனக்கு வேண்டாம் என்று யோகேஷ்வர் சொல்லிவிட்டார். இறந்தவர் மீது விசாரணை தொடரவில்லை, வெள்ளியும் அவர் பெயரிலேயே நின்றது.

பழைய மாதிரியைச் சோதிப்பது சும்மா இல்லை. கிழக்கு ஜெர்மனியில் 1960களில் தயாரான டூரினபால் என்ற மாத்திரை, அந்த நாடே மறைந்த பிறகும் 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளில் இருந்தது. அன்று கண்டுபிடிக்க முடியாததைப் புதிய சோதனை கண்டுபிடித்தது. உச்ச எடைப் பிரிவில் மூன்று தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானின் அர்துர் தைமசோவ், 2008 தங்கத்தை 2017-இலும், 2012 தங்கத்தை 2019-இலும் இழந்தார்.

யார் பொறுப்பு?

சட்டம் தெளிவாக இருக்கிறது. உன் உடம்புக்குள் எது போனாலும் நீதான் பொறுப்பு. இந்த விதி இல்லாவிட்டால் எல்லோரும் "யாரோ கலந்துவிட்டார்கள்" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள், ஒரு சோதனையும் நிற்காது. அதனால் விதி தவறு என்று நான் சொல்லவில்லை.

ஆனால் வரலாற்றைத் திருப்பிப் பாருங்கள். 1958-இல் மாத்திரை கொடுத்தது டாக்டர். கிழக்கு ஜெர்மனியில் கொடுத்தது அரசாங்கம். 1994 வழக்கில் நடுவில் இருந்தது ஒரு கம்பெனி. ஒரு பையன் தானாகக் கண்டுபிடித்து விழுங்கியதாக இந்த வரலாறு தொடங்கவே இல்லை. பட்டியலில் ஏறுவது மட்டும் விழுங்கியவன் பெயர்.

2023-இல் இந்தியா 5,606 மாதிரிகளைச் சோதித்தது. 213-இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது, அதாவது 3.8 சதவீதம். 5,000-க்கு மேல் சோதித்த நாடுகளில் இதுதான் மிக அதிகம். தமிழ்நாடு விலக்கல்ல. 2019-இல் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்து நாண்ட்ரோலோனால் பதக்கத்தை இழந்தார். 2022-இல் திருச்சியைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை தனலட்சுமியின் சோதனையில் இருந்தது மறுபடியும் அதே மெத்தாண்டியனோன். 2022-இல் இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்தது. இனி கொடுத்தவர்களும் எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

போட்டியே இல்லாத ஜிம் பையனுக்கு இந்தச் சோதனைகூடக் கிடையாது. மாத்திரையாக எடுக்கும் ஸ்டீராய்டு கல்லீரலை அடிக்கிறது. இதயத் தசை தடிக்கிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. விதை சுருங்கும், குழந்தைப் பேறு தள்ளிப் போகும், நிறுத்தியதும் மனச்சோர்வு பிடிக்கும். வளரும் வயதில் எடுத்தால் உயரம் அத்தோடு நின்றுவிடலாம். பெண்களுக்கு மாறிய குரல் திரும்ப வராமலே போகலாம்.

சோமனூர்ப் பக்கம் எல்லோருக்கும் சைசிங் தெரியும். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றி விறைப்பாக்கித் தறிக்கு அனுப்புவார்கள். தறியில் அறுந்து போகாமல் ஓட அது வேண்டும். ஆனால் துணி சலவைக்குப் போனதும் கஞ்சி போய்விடும், மிஞ்சுவது நூலின் சொந்தத் தரம்தான். டயனபாலில் ஒரே மாதத்தில் ஏறும் எடையிலும் ஒரு பகுதி வெறும் நீர், நிறுத்தியதும் இறங்கிவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. கஞ்சி போனால் நூல் கெடாது. இங்கே நூலும் சேர்ந்து கெடுகிறது.

முன்னால் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பயில்வானுக்குப் பலம் கொடுத்தது பாலும் பாதாமும் மட்டுமில்லை, காலமும்தான். ராஜா போனார், அந்தக் காலத்தைக் கொடுக்க வேறு யாரும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் மாத்திரை நுழைந்தது. 19 வயதுப் பையனிடம் "இந்த வருடம் பதக்கம் இல்லையென்றால் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு, மாத்திரை எடுக்காதே என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது. தோற்றாலும் இன்னும் மூன்று வருடம் அவனுக்குச் சோறு போட யாராவது இருக்க வேண்டும். காமாவுக்கு இருந்தார்கள்.